பிள்ளைக்கு எபிரேயப் பெயர் வைக்கலாம். எந்த வடிவத்தில் வைப்பது?

இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பெரும்பாலோர் நம் கிறிஸ்தவக் குடும்பத்து இளம் பெற்றோர்தான். வேதத்தில் உள்ள பெயராக இருக்க வேண்டும். ஆனால் தாத்தா பெயர் மாதிரி ஒலிக்கக் கூடாது. பெங்களூரிலோ டொராண்டோவிலோ பள்ளிக்குப் போகும்போது டீச்சர் திணறவும் கூடாது. இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் அர்த்தத்தைச் சொல்கின்றன. அந்தப் பெயர் அடுத்தவர் வாயில் என்ன பாடுபடும் என்பதை எதுவும் சொல்வதில்லை.

பெயர்களுக்குச் சொந்தக்காரர்களான யூதர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அமெரிக்காவில் வாழும் யூதக் குடும்பம் பாட்டியின் நினைவாகப் பெயர் வைக்க விரும்பும். அந்தப் பெயரில் உள்ள தொண்டை ஒலி பக்கத்து வீட்டுக்காரருக்கு வராது. இஸ்ரேலிலேயே இருப்பவர்களிலும், பிள்ளை நாளைக்கு வெளிநாடு போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பெயர் தேடுபவர்கள் உண்டு. இப்படித் தேடித் தேடி அவர்கள் கண்ட வழிகள் நமக்கும் பொருந்தும். பெரிய வழிகள் நான்கு, சின்னதாக ஒன்று.

## எதை வைத்து எடை போடுவது?

எல்லோரும் முதலில் பார்ப்பது காதை. பெயரை ஒரு தடவை கேட்டவர் திருப்பிச் சொல்கிறாரா? இது தேவைதான், ஆனால் போதாது. பிள்ளையின் பெயரை முதல் முறை சொல்லப்போகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். தாளில் பார்த்து வாசிப்பார்கள். வருகைப் பதிவேடு, மருத்துவமனை டோக்கன், விமான நிலைய அறிவிப்பு, பரிசளிப்பு விழா எல்லாம் கண் வழியாக வருபவை. யாயேல் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் எவரும் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தாகப் பார்க்கிறவர் 'யேல்' என்று பல்கலைக்கழகத்தைக் கூப்பிடுவார். ஆகவே காதுச் சோதனையைவிடக் கண் சோதனை கடினமானது, முக்கியமானதும் கூட.

மூன்றாவது அளவுகோலைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். தப்பாகச் சொன்னால் அந்தப் பெயர் என்னவாகிறது? உலகம் முழுக்க ஒரே மாதிரி உச்சரிக்கப்படும் பெயர் என்று ஒன்று கிடையாது. எப்படியும் சிலர் தப்பாகச் சொல்லத்தான் போகிறார்கள். அந்தத் தப்பான வடிவமும் ஒரு நல்ல பெயராகவே இருந்தால் பிள்ளைக்குக் கஷ்டமில்லை. அது கேலிச் சொல்லாகவோ வேறு பொருளாகவோ ஆனால்தான் சங்கடம்.

நான்காவது, வீட்டு மொழி. எபிரேயத்தில் அழகாக இருப்பது தமிழில் சிரிப்பாகலாம். இதற்குக் கீழே உதாரணங்கள் உண்டு. ஐந்தாவது, ஆணா பெண்ணா என்ற குழப்பம். ஆறாவது, எழுத்துக்கூட்டல்: பெயரை ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியுமா, அல்லது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்களா?

## முதல் வழி: ஆங்கிலத்தில் பழகிய வடிவம்

டேவிட், டேனியல், ஆடம், சாரா, ஹன்னா, ஜோஷுவா. காதிலும் கண்ணிலும் முழு மதிப்பெண் வாங்கும் பெயர்கள் இவை. எழுத்துக்கூட்டல் அநேகமாக ஒன்றுதான். வேற்று ஒலி வந்தாலும் பெயர் பெயராகவே இருக்கிறது. இஸ்ரேலில் டானியேல் என்று கடைசி அசையை அழுத்திச் சொல்வார்கள், நியூயார்க்கில் முதல் அசையை அழுத்துவார்கள், பாளையங்கோட்டையில் தானியேல் என்பார்கள். மூன்று இடத்திலும் பையன் திரும்பிப் பார்ப்பான். ஆதம், தாவூத், யூசுப், மரியம் என்று இத்தகைய பெயர்கள் இஸ்லாமியக் குடும்பங்களிலும் புழங்குவதால், நம் தெருவிலேயே யாருக்கும் அந்நியமாகப் படாது.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு, கூட்டம். நோவா என்ற ஆண் பெயர் அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரை புதிதாய்ப் பிறந்த ஆண் குழந்தைகளின் பெயர்களில் முதலிடத்தில் இருந்தது. ஒரே வகுப்பில் இருவர் இருந்தால் இருவருக்கும் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, இந்தப் பெயர்களைக் கேட்டு எபிரேயம் என்று யாருக்கும் தோன்றாது, ஆங்கிலப் பெயர் என்றே நினைப்பார்கள். பெற்றோர் எபிரேயத்தைத் தேடியதே அந்த வேரின் மணத்துக்காக என்றால், அது இங்கே பெரும்பகுதி போய்விடுகிறது. ஐசக், ரேச்சல், ஈவ் போன்றவை மூல ஒலியிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டவை. எபிரேயத்தில் அவை யிட்ஸ்ஹாக், ராஹேல், ஹவா.

தாத்தா பாட்டி ஒரு மொழி, அப்பா அம்மாவின் அலுவலகம் இன்னொரு மொழி, பிள்ளையின் பள்ளி மூன்றாவது மொழி என்றால், இந்த வழிக்கு மிஞ்சியது இல்லை. ஊர் மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் உள்ளவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

## இரண்டாம் வழி: மூல ஒலியை ஒட்டிய வடிவம்

யோசேப், யோனத்தான், யாக்கோபு, ராகேல், நகோமி. தமிழருக்கு இந்த வழியில் ஓர் அனுகூலம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. எபிரேயத்தில் 'ய'வில் தொடங்கும் பல பெயர்கள் ஆங்கிலத்தில் 'ஜ' ஆகிவிட்டன: ஜோசப், ஜேக்கப், ஜோனத்தன், ஜோனா. தமிழ் வேதாகமம் இந்தப் பெயர்களில் அந்த 'ய'வை விடவில்லை. நம் யோசேப்பும் யோனாவும் எருசலேமில் போய் நின்றாலும் கூப்பிட்டால் புரியும்.

தொண்டை ஒலியிலும் அப்படித்தான். ராகேல் என்று எழுதி நாம் வாசிக்கும்போது நடுவில் வரும் 'க' கெட்டியாக வருவதில்லை, மென்மையாகக் காற்றோடு வருகிறது. ரேச்சலைவிட அது எபிரேய ராஹேலுக்கு எவ்வளவோ பக்கம். ஆங்கிலம் பேசுகிறவருக்கு வராத ஒன்று நமக்குச் சும்மா வருகிறது. தொண்டைக்குள் அடைபட்டு ஒலிக்கும் இன்னொரு எழுத்து எபிரேயத்தில் உண்டு. தமிழ் வேதாகமம் அந்த இடத்திலும் சில பெயர்களில் 'க' போட்டிருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தின் நயோமி நம்மிடம் நகோமி, யாயேல் நம்மிடம் யாகேல்.

சரி, தொல்லை எங்கே? வேதாகம வடிவத்தை அப்படியே வைத்தால் 'பழைய பெயர்' என்று வீட்டிலேயே முகம் சுளிப்பார்கள். சாராள், அன்னாள் என்ற முடிவுகளை இப்போது பலர் வெட்டி சாரா, அன்னா ஆக்கிவிடுகிறார்கள், அதில் தவறில்லை. யோனத்தானை யோனதன் ஆக்கலாம். பெரிய செலவு ஆங்கில நாடுகளில்தான். 'ய'வில் தொடங்கும் பெயரை வாழ்நாள் முழுக்க 'ஜ இல்லை, ய' என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஹாயிம் என்ற பெயரை ஆங்கிலத்தில் சி-ஹெச் போட்டு எழுதும் வழக்கம் உண்டு. பார்க்கிறவர் 'சாயிம்' என்றோ 'சைம்' என்றோ வாசிப்பார். வெறும் ஹெச் போட்டு எழுதினால் அந்த ஆபத்து குறையும், தொண்டை ஒலி போய்விடும். ஸ்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு விதமாக எழுதுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்றானால் ஒவ்வொரு விசாவுக்கும் பிரமாணப் பத்திரம் தேட வேண்டியதுதான்.

வீட்டில் தமிழ்தான் முதல் மொழி, பிள்ளை தமிழ்நாட்டில் வளரப்போகிறது என்றால் இந்த வழி முதல் வழியைவிடச் சிறப்பு. இஸ்ரேலில் வேலையாக இருப்பவர்களுக்கும் இதுவே வசதி. அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் 'ய'வைத் தவிர்த்துவிட்டு ராகேல், மிரியாம், தாமார் மாதிரிப் பெயர்களுக்குள் தேடுங்கள்.

## மூன்றாம் வழி: இன்றைய இஸ்ரேலியக் குறும்பெயர்கள்

இளம் பெற்றோர் அதிகம் மயங்குவது இங்கேதான். நோஆ, மாயா, லியோர், தால், ஷிர், ஆதி, அமித், எடன். ஓரசை, ஈரசை. தொண்டை ஒலி இல்லாதவை ஏராளம். வேதத்துப் பாரமும் இல்லை, தாத்தா வாடையும் இல்லை. கேட்டவுடன் சொல்லிவிடலாம். காதுச் சோதனையில் இவைதான் முதல்.

ஆனால் கண்ணிகள் அதிகம் உள்ள பாதையும் இதுதான். ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகச் சோதிக்காமல் எடுக்கவே கூடாது.

முதல் கண்ணி, ஆங்கிலச் சொல்லோடு மோதுவது. நடிகை கால் கதோட்டின் பெயருக்கு எபிரேயத்தில் அலை என்று பொருள். ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்து 'பெண்பிள்ளை' என்ற பேச்சுச் சொல். தமிழில் எழுதினால் கேட்கவே வேண்டாம், 'கால்'. கை என்ற ஆண் பெயரும் அப்படியே: ஆங்கிலத்தில் 'ஆள்', தமிழில் கை. நிம்ரோத் இஸ்ரேலில் கௌரவமான பெயர். அமெரிக்கப் பேச்சில் அது மடையனைக் குறிக்கும்.

இரண்டாவது, நம் மொழிகளோடு மோதுவது. ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஏலியைப் போல எளிய பெயர் இல்லை. ஆனால் அதைக் குறிலாக எழுதிவிட்டால் பையன் பள்ளி முடியும்வரை எலிதான். வேதாகமத்தில் நெடிலாக 'ஏலி' என்றே இருக்கிறது, அப்படியே எழுதுங்கள். மோர் என்பது பெண் பெயர், வாசனைப் பிசின் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. நம் ஊரில் அது கோடைக்கு நல்லது. ஷனி இஸ்ரேலில் பெண்களுக்கு வைக்கும் இனிமையான பெயர். வட இந்திய நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், ஏழரை ஆண்டுக் கணக்கு போட ஆரம்பித்துவிடுவார். பென் என்றால் எபிரேயத்தில் மகன். தமிழ்க் காதுக்கு அது எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லா மோதலும் கெட்டதும் அல்ல. தாமார் என்று நாம் சொல்வது எபிரேயத்தில் தமர், பேரீச்சை மரம். சங்க இலக்கியம் படித்தவருக்கு அது சுற்றத்தார். மாயா, அமித் இரண்டும் இந்தியாவில் ஏற்கெனவே உலவும் பெயர்கள், யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்க மாட்டார்கள். ஆனால் அமித்தை இந்திப் பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆண் பெண் குழப்பம். தால், ஷாய், ஆதி, யுவால், லியோர், நோஆம் எல்லாம் இஸ்ரேலில் இருபாலருக்கும் வைக்கப்படுபவை. ஏரியல் அங்கே பெரும்பாலும் ஆண். முன்னாள் பிரதமர் ஏரியல் ஷாரோன் நினைவுக்கு வருவார். 1989-இல் வந்த டிஸ்னி படத்துக் கடற்கன்னிக்குப் பிறகு அமெரிக்காவில் அது பெண் பெயர். நோஆவின் கதை இன்னும் வேடிக்கை. பேழை கட்டிய நோவா ஆண், எபிரேயத்தில் கடைசியில் தொண்டை ஒலியோடு நோஹ். நோஆ வேறு பெயர், பெண். தமிழ் வேதாகமம் அவளை நோவாள் என்கிறது. தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காகச் சொத்து ஏன் போக வேண்டும் என்று மோசேயிடம் போய் நின்ற ஐந்து சகோதரிகளில் ஒருத்தி. வைப்பதற்கு இதைவிட நல்ல பெயர் எனக்குச் சட்டென்று தோன்றவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கடைசி ஹெச் இல்லாமல் எழுதினால்தான் பெண்; ஒரு எழுத்து கூடினால் பையன்.

வேதம் தெரிந்த பாட்டிகள் உள்ள வீட்டில் இன்னொன்றும் உண்டு. தாமார் பல ஆண்டுகளாக இஸ்ரேலில் பெண் குழந்தைகளுக்கு மிக விரும்பி வைக்கப்படும் பெயர். வேதத்தில் அந்தப் பெயரில் முக்கியமாக வரும் இருவரின் கதையும் துயரமானது. தீனாளும் அப்படியே. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பாட்டி அந்த அதிகாரத்தைத் திறந்து காட்டுவதைவிட, முன்பே பேசிவிடுவது நல்லது.

சின்னக் குடும்பம், நகர வாழ்க்கை, ஆங்கிலமே பொது மொழி, பெற்றோருக்குச் சோதித்துப் பார்க்கப் பொறுமை உண்டு என்றால் இந்த வழி பொருத்தம். பொறுமை இல்லாதவர்கள் மாயாவையோ எடனையோ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

## நான்காம் வழி: இரண்டு பெயர்

யூதர்களிடம் இது பழைய வழக்கம். ஜெப ஆலயத்தில் தோரா என்ற வேதச் சுருளை வாசிக்க அழைப்பதற்கு எபிரேயப் பெயர், வெளியில் அந்தந்த நாட்டுப் பெயர். கிழக்கு ஐரோப்பாவில் இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள்: ஸ்வி ஹிர்ஷ் என்றால் எபிரேயத்தில் மான், இத்திஷ் மொழியிலும் மான். மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் பெயரை மராத்தி நாக்குக்கு வளைத்தார்கள். 1796-இல் மும்பையில் முதல் ஜெப ஆலயம் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் ஊராருக்குச் சாமாஜி ஹசாஜி. நம் காலத்தில், எருசலேமில் பிறந்த நெட்டா-லீ ஹெர்ஷ்லாக்தான் நடிகை நட்டாலி போர்ட்மன். நெட்டா-லீயிலிருந்து நட்டாலிக்கு எவ்வளவு சின்ன அடி பாருங்கள். இரண்டு பெயர் வைப்பதானால் இப்படி ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கிற மாதிரி வைப்பதே புத்திசாலித்தனம்.

நம் வீடுகளிலும் இது புதிதல்ல. ஞானஸ்நானப் பெயர் சாமுவேல், பள்ளியில் வேறு, வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று என்று திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ பேர். ஆனால் அன்றைக்குப் பாஸ்போர்ட்டும் ஆதாரும் கிடையாது. இன்றைக்கு இரண்டு பெயரின் செலவு காகிதத்தில்தான். எந்தப் பெயர் சான்றிதழில் இருக்கிறதோ அதுவே வெளியுலகில் நிற்கும். மற்றது வீட்டோடு சுருங்கிவிடும். அதனால் வெளியே வழங்கப்போகும் பெயரைச் சான்றிதழில் போடுங்கள், கடினமான பெயரை ஞானஸ்நானத்துக்கு வையுங்கள். மாற்றிச் செய்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

குடும்பத்தில் ஒருவருக்காகக் கண்டிப்பாக ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டும், ஆனால் அது வாயில் நுழையாது என்ற நிலையில் இந்த வழியே சமாதானம்.

## சின்ன வழி: பொருளைத் தமிழில் வைப்பது

எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவம் லாசரு; 'கடவுள் உதவினார்' என்பது பொருள். 1745-இல் வடக்கன்குளத்தில் லாசரு என்று திருமுழுக்குப் பெற்ற நீலகண்டப் பிள்ளை, தமிழில் தேவசகாயம் ஆனார்; 2022-இல் புனிதர் பட்டமும் பெற்றார். போர்த்துகீசிய மறைப்பணியாளர் யோவான் தெ பிரிட்டோ தமிழருக்கு அருளானந்தர்; யோவான் என்ற பெயரின் பொருளிலும் கடவுளின் அருள் இருக்கிறது. தமிழ்ச் சபைக்குள் இதைவிட எளிதில் உச்சரிக்கும் எபிரேயப் பெயர் இருக்க முடியாது. டொராண்டோ டீச்சரிடம் தேவசகாயத்தைக் கொடுத்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

## சில பெயர்கள், பக்கத்தில் பக்கத்தில்

| பெயர் | எபிரேயத்தில் | ஆங்கிலத்தில் பார்த்து வாசித்தால் | தமிழ் வீட்டில் | என் கணிப்பு |
|---|---|---|---|---|
| ஹன்னா | தொண்டை ஒலியோடு ஹனா | ஹேனா | ஹன்னா, அன்னா | எந்த வடிவமும் நன்றாகவே இருக்கிறது |
| டேனியல் | டானியேல் | டேனியல் | தானியேல் | பத்திரமானது, ஆனால் கூட்டம் |
| ராகேல் | ராஹேல் | எழுத்தைப் பொறுத்து ரேச்சல் | ராகேல் | தமிழ்நாட்டுக்கு முதல் தரம் |
| யாயேல் | யாயேல் | யேல் | யாகேல் | காதுக்கு நல்லது, கண்ணுக்குக் கஷ்டம் |
| நோஆ | நோஆ | நோவா | நோவா | பெண் என்று அடிக்கடி சொல்ல வேண்டி வரும் |
| ஏலி | எலி | ஈலை | நெடில் அவசியம் | வெளிநாட்டில் சரி, இங்கே யோசியுங்கள் |
| லியோர் | லியோர் | லியோர் | லியோர் | எழுதுவதும் சொல்வதும் ஒன்றே. ஆணா பெண்ணா தெரியாது |
| ஸ்வி | த்ஸ்வி | திணறல் | ஸ்வி, சிவி | இரண்டாம் பெயராக மட்டும் |

## என்னைக் கேட்டால்

இரண்டு மொழிக்கு மேல் புழங்கும் குடும்பத்துக்கு ஹன்னா, நயோமி, மிரியாம், டேனியல், ஆடம் மாதிரி, தப்பாகச் சொன்னாலும் இன்னொரு நல்ல வடிவத்தில் போய் விழும் பெயர்களைத்தான் சொல்வேன். நயோமியை யாராவது நகோமி என்றாலும் நவோமி என்றாலும் பிள்ளைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. தமிழ்நாட்டிலேயே இருக்கப்போகிறவர்கள் தைரியமாக ராகேலுக்கும் யோனாவுக்கும் போகலாம். குறும்பெயர் ஆசை தீராதவர்கள், வைப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தப் பெயரைக் கேட்டே இராத ஒருவரிடம் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். இன்னொருவரிடம் போனில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்தால் பெயர் தேறிவிட்டது. சொந்தக்காரர்களிடம் இந்தச் சோதனை வேண்டாம். அவர்கள் உச்சரிப்பைவிட்டுவிட்டு, 'ஏன் அத்தை பேரை வைக்கலை?' என்று வேறு பஞ்சாயத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

அவசரமும் வேண்டாம். இந்தியாவில் பிறப்பைப் பெயரில்லாமலேயே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை சேர்த்துவிட்டால் மாற்றுவது லேசில்லை. எனவே சேர்க்கப் போகும் அன்று ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தமிழ் வடிவத்தையும் ஒரே தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள். வாயால் மட்டும் சொன்னால், கவுன்டரில் இருப்பவர் காதில் விழுந்தபடி எழுதுவார். ராகேல் ராக்கேல் ஆகிவிடும், ஏலி எலி ஆகிவிடும்.